பாதி மெழுகிய தரை

எனக்குச் சாணி பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்கைச் சுளித்துவிட்டுப் போகிற பிடிக்காமை இல்லை, குடலைப் புரட்டுகிற பிடிக்காமை. பதுளைக் கடைத்தெருவில் மாடு போட்டுவிட்டுப் போனதைத் தாண்ட வேண்டியிருந்தால் வீதியின் மறுபக்கம் போய்ச் சுற்றி வருவேன். இருபது வருடமாகப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். பொங்கல் காட்சி வரையச் சொன்னால் பிள்ளைகள் முற்றத்துக்கு மண்ணிறம் பூசிவிட்டு, "சாணி மெழுகியிருக்கு டீச்சர்" என்பார்கள். வெறும் நீர்வர்ணம், ஒரு வாடையும் கிடையாது. ஆனாலும் என் முகம் கோணிவிடும். ஆசிரியர் அறையில் என்னை டவுன்காரி என்று கேலி செய்வார்கள். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

நான் டவுன்காரி இல்லை. பிறந்தது பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக்கிடந்த அறைகளில் கடைசி அறையில். அந்த அறையை நாங்கள் காம்பரா என்போம். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துபோய்விட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் காம்பராத் தரையை மெழுகுவது எட்டு வயதிலிருந்து என் வேலை. மெழுகிவிட்டுக் குளித்து, சவர்க்காரம் தேய்த்துப் பள்ளிக்கூடம் போனாலும் நகத்தடியில் வாடை நிற்கும். ஒருநாள் பக்கத்தில் இருந்தவள் ஒன்றும் பேசாமல் தன் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவள் வாய் திறந்து சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்றிலிருந்து எனக்கு எல்லாமே அருவருப்பாகிவிட்டது. லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலிக்கரை, கூரைத் தகரத்தின் கரி, அப்பாவின் விரலில் ஊறிய தேயிலைக் கறை எல்லாம். அவர் கருவாட்டுத் தலையை வாயில் போட்டு முள் முள்ளாகச் சப்பும் சத்தம் கேட்டால் என் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன்.

படித்தேன், ஆசிரியை ஆனேன், பதுளையில் வாடகை வீடு எடுத்தேன். அப்பா செத்த அன்றைக்கு மட்டும் லயத்துக்குத் திரும்பிப் போனேன். சவப்பெட்டி புறப்பட்டுப் போனதும் பெண்கள் காம்பராவைக் கழுவி மெழுக வேண்டும், மகள் இருந்தால் அவள்தான் முதல் கை வைக்க வேண்டும் என்பது எங்கள் லயத்து வழக்கம். நான் ஒரே மகள். பக்கத்துக் காம்பராப் பெண் வாளியில் சாணியைக் கரைத்து என் காலடியில் கொண்டுவந்து வைத்தாள். "கைல அலர்ஜி இருக்கு" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு தானே குனிந்து மெழுகினாள். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

இப்படிப்பட்ட என்னைத்தான், ஓவியத்தால் மனத்தை ஆற்றப் போகிறோம் என்று கொழும்பிலிருந்து வந்த ஒரு மேடம் தேடிப் பிடித்தார். மண்சரிவில் லயம் புதைந்துபோன ஒரு தோட்டத்தின் ஆட்களுக்குத் தனித்தனி வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், ஹப்புத்தளைக்குக் கீழே. அங்குள்ள பெண்களுக்கு இரண்டு சனிக்கிழமை பட்டறை. மேடத்துக்குத் தமிழ் வராது. சித்திரமும் இங்கிலீசும் தெரிந்த ஒரு தமிழ் ஆள் வேண்டும். நான் போனேன்.

மேடத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்திலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கெட்டவர் இல்லை. நல்லவர்தான், அதுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நெஞ்சில் கை வைப்பார். யார் எதைச் சொன்னாலும் கண் கலங்குவார். சமூக மண்டபத்தில் பாய் விரித்து, ஊதுபத்தி கொளுத்தி, எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வந்த பெண்கள். கண்ணை மூடியதும் இரண்டு பேர் நன்றாகத் தூங்கிப்போனார்கள். அவர்கள் ஆழ்ந்த நிலைக்குப் போய்விட்டதாக மேடம் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார்.

பிறகு அரூப ஓவியம் என்றால் என்ன என்று விளக்கினார். மரம், வீடு, ஆள் எதுவும் வரையக் கூடாது, உருவமே வேண்டாம், மனதில் இருப்பதை நிறத்தாலேயே சொல்ல வேண்டும், சரி பிழை கிடையாது, சேர்ந்து வரைந்தால் ஒருவர் பாரத்தை இன்னொருவர் சுமக்கலாம் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் வரைகிற பெரஹரா ஊர்வலத்தில் யானைக்கு நாலு கால் தெரிகிறதா என்று பார்த்துப் பரீட்சைப் புள்ளி போடுகிறவள் நான். வர்ணத்தை அள்ளித் தெளித்துவிட்டு அதை மனம் என்று சொல்வது எனக்குப் பம்மாத்தாகத்தான் பட்டது.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள், செடிகளுக்கு நடுவே அவரவர் போகிற வரிசை அது. அதே போல் ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளைவிட முந்தாமலும் பிந்தாமலும் ஒரே வேகத்தில் பூசிக்கொண்டு போனார்கள். மேடம் கங்காணி மாதிரிப் பின்னால் நடந்து நடந்து பார்த்தார். முடிந்தபோது எல்லாத் தாளிலும் கீழே பச்சை, மேலே நீலம். உருவம் வேண்டாம் என்று சொல்லியும் பாதிப் பேர் ஓரத்தில் ஒரு சின்னக் கோயிலைச் செருகியிருந்தார்கள். மேடத்தின் முகம் வாடிவிட்டது. எனக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது.

ஒரே ஒரு அக்கா மட்டும் அந்த முதல் சனிக்கிழமை முழுக்கத் தூரிகையைத் தொடவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வெற்றுத் தாளைப் பார்த்தபடி இருந்தார். "ஏங்க்கா வரையல?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வரலைங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை மேடம் பெரிய கன்வஸ் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லோரும் சேர்ந்து ஒரே ஓவியம் செய்ய வேண்டுமாம். மண்டபத்துத் தரையில் விரித்தபோது ஒரு காம்பரா அளவுக்கு இருந்தது. அந்த அக்கா எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார்.

"இது தரையிலதான் கெடக்குமா, டீச்சர்?"

"ஆமாங்க்கா. தரையிலதான்."

அவர் சேலையைத் தூக்கிச் செருகினார். வர்ணப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பேசினுக்குள் கவிழ்த்தார். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை எல்லாம் போயிற்று. தண்ணீர் ஊற்றிக் கையாலேயே கலக்கினார். மற்றவர்களுக்கு ஒரு சொட்டு மிச்சமில்லை. மேடம் பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தார். பேசினில் இருந்தது என்ன நிறம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வாடை இல்லாமலே நான் இரண்டடி பின்னால் போனேன்.

மற்றப் பெண்கள் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. சொல்லி வைத்தது போல எல்லோரும் எழுந்து ஓரத்துக்குப் போனார்கள். ஒருத்தி பாய்களைச் சுருட்டினாள். ஒருத்தி வழியில் கிடந்த செருப்புகளைப் பொறுக்கி வெளியே போட்டாள். இன்னொருத்தி ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். வீட்டில் ஒருத்தி தரை மெழுகும்போது மற்றவர்கள் செய்கிற வேலை அது. உள்ளே கால் வைக்க மாட்டார்கள், வாசற்படியில் போய் உட்கார்ந்து காயும்வரை காத்திருப்பார்கள். அந்த மண்டபத்தில் மேடம் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் என்ன நடக்கிறது என்று தெரியும்.

அக்கா முதலில் வலது கையால் தொடங்கினார். அது அவருக்குப் பழகாத கை. வளைவுகள் தடுமாறின. ஆனாலும் விடாமல் துணியின் பாதிவரை வந்தார். அங்கே நிறுத்திக் கையை அலசினார். பிறகு இடது கையால் மறுபாதியைத் தொடங்கினார். இப்போது கை ஓடியது. பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்து, கடைசியில் தன் முழங்கால் பட்ட தடத்தையும் ஒரு வீச்சில் அழித்துவிட்டுத் துணிக்கு வெளியே எழுந்து நின்றார். அவர் அழவில்லை. மேடம்தான் அழுதார்.

"என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்" என்று மேடம் இங்கிலீசில் என் தோளைப் பிடித்தார். கேட்டேன்.

"தங்கச்சி பாதி மெழுகிட்டு அப்புடியே போயிட்டா. மிச்சத்த நான் மெழுகி முடிச்சிட்டேன். சாணிதான் இல்ல" என்றார் அக்கா.

இதை அப்படியே சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. சாணிக்கு இங்கிலீசில் வார்த்தை எனக்குத் தெரியும். ஆனால் கொழும்புக்காரரின் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையை வாயால் சொல்ல எனக்குக் கூசியது. சொன்னால் என் நகத்தடியை அவர் பார்த்துவிடுவார் என்பது போல ஒரு கூச்சம். "என் வலிக்கு ஒரு நிறம் கிடைத்துவிட்டது என்கிறார்" என்று சொல்லிவிட்டேன். மேடம் அதை உடனே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இப்போது நினைத்தாலும் அந்த வாக்கியம் என் வாயில் ஊசிப்போன சோறு மாதிரி இருக்கிறது.

கை கழுவப் பீலிக்குப் போனபோது அக்கா மீதியைச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"அன்னைக்கி வெள்ளிக்கெழம. நான் காலம்பர பெரட்டுக்குப் போயிட்டேன். வேலைக்குப் பேர் குடுத்துட்டு மலைக்கு ஏறிட்டோம். அவளுக்குக் காச்ச, போகல. சும்மா இருக்க மாட்டாளே. காலையில நான் வூட்ட விட்டு எறங்கும்போதே பாதி மெழுகியிருந்தா. வாசப்பக்கம் காயாம இருந்துச்சு, தாண்டிக் குதிச்சித்தான் போனேன். நான் பீச்சாங்கையால மெழுகுறேன்னு எப்பவும் திட்டுவா. 'நீ கை வெச்சா தர திரும்பிப் படுத்துக்கும்'னு சிரிப்பா. அப்புறம்தான் மலை வந்து விழுந்துச்சு. அவளும் கெடைக்கல, காம்பராவும் கெடைக்கல. எல்லாருக்கும் செஞ்ச மாதிரி மெழுகி வெளக்கு வெக்கிறதுக்கு தரையே இல்லையே, டீச்சர்."

பிறகு சொன்னார்: "தீபாவளிக்கு செத்தவங்களுக்குப் படைப்போமில்ல. வருசா வருசம் இந்த வூட்டுல சீமெந்துத் தரையில எல போடுறேன். அவ இந்த வூட்டுக்கு வந்ததே இல்ல. எங்க வந்து ஒக்காருவா? இந்த வருசம் இந்தத் துணிய விரிச்சி அதுக்கு மேல படைக்கணும். அவ மெழுகுன தர, நான் மெழுகுன தர. வந்துருவா." துணி காய்ந்ததும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "எடுத்துக்குங்க, ஒங்க துணிதானே" என்றேன்.

மண்டபத்துக்குள் திரும்பியபோது மேடம் ஒரு படிவத்தை நீட்டினார். இங்கிலீசில் இரண்டு பக்கம். படங்களைக் காட்சிக்கு வைக்கவும் மற்றவர்களுக்குக் கொடுக்கவும் சம்மதம் என்று அதில் இருந்தது. நான் வாசித்தேன். வாசிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் வாசித்தேன். வரி வரியாகத் தமிழில் சொல்லி விளங்கவைக்க அரை மணித்தியாலம் பிடிக்கும். பதுளைக்குக் கடைசி நேர் பஸ் வருகிற நேரமாகிவிட்டது. "வந்ததுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன். பெரட்டில் நின்று பேர் கொடுத்தே வாழ்க்கை போன பெண்கள். வந்ததற்கு அடையாளம் என்றதும் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வரிசையாக வந்து, பக்கத்தில் இருப்பவள் எங்கே போட்டாளோ அதற்கு நேர் கீழே போட்டார்கள். அக்கா இடது கையால் போட்டார்.

கொழும்பில் நல்ல வெளிச்சத்தில் படம் பிடிக்க வேண்டும் என்று மேடம் துணியைச் சுருட்டித் தன் வான் வண்டியில் ஏற்றியபோது அக்கா என்னைப் பார்த்தார். "படம் புடிச்சிட்டுக் கொண்டாந்து தருவாங்க" என்றேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. பஸ் வளைவில் ஹோன் அடித்தது, நான் ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "டீச்சர், எந் தர எப்ப வரும்?" வந்துவிடும் என்றேன். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை அதே கேள்வி. கோபமாக ஒரு நாளும் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேடத்துக்குச் செய்தி மேல் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு இருதயப் படங்கள் வந்தன. கடைசியில் ஒரு குரல் பதிவு வந்தது. கண்காட்சியில் எல்லோரும் அந்த ஓவியத்தின் முன்னால் நின்று அழுதார்களாம். வெள்ளைக்காரர்கள் சுற்றுலா வரும் எல்ல என்ற ஊரில் ஹோட்டல் ஒன்று அதை விலைக்கு எடுத்திருக்கிறதாம். அது இனி ஒரு பெண்ணுக்கு மட்டும் சொந்தமில்லை, உலகத்தோடு இணைந்துவிட்டது, கிடைத்த பணத்தில் அடுத்த ஊரில் பட்டறை நடக்கும், இதை அவரிடம் சொன்னால் பெருமைப்படுவார் என்றார். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பதுளையிலிருந்து எல்ல ஊருக்கு ரயில் ஏறினேன். பெட்டி வாசலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைக்குள் நின்ற பெண்கள் நிமிர்ந்தால் அவர்களையும் எடுத்தார்கள். ஹோட்டல் மேட்டில் இருந்தது. வாசலில் வாசனை மெழுகுவர்த்தி எரிந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால், கண்ணாடி போட்ட பெரிய சட்டத்துக்குள், அக்காவின் தரை சுவரில் நிமிர்ந்து நின்றது.

தரையை நிமிர்த்திப் பார்த்திருக்கிறீர்களா? கால் வைக்க இடமில்லாமல் விழப்போவது போல இருந்தது எனக்கு. மேலே ஒரு மஞ்சள் விளக்கு. வலது கையின் தடுமாறிய வளைவுகளும் இடது கையின் ஓட்டமான வளைவுகளும் நடுவில் வந்து முட்டி, அங்கே வர்ணம் வரப்பு மாதிரித் தடித்து நின்றது. இருபது வருடம் படிப்பித்தவள், அப்போதுதான் அதை ஓவியமாகப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அது நல்ல ஓவியம். மேடம் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. அதுவும் எனக்கு வெறுப்பாகத்தான் இருந்தது. இரண்டு பேர் அதற்கு முதுகைக் காட்டி நின்று, உதட்டைக் குவித்துப் படம் எடுத்தார்கள்.

சட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன அட்டை. அதில் அக்காவின் பேர் இல்லை. 'தப்பிப் பிழைத்த பெண்' என்று போட்டு, 'என் வலிக்கு ஒரு நிறம் கிடைத்துவிட்டது' என்று இங்கிலீசில் சாய்ந்த எழுத்தில் அச்சடித்திருந்தது. நான் சொன்ன பொய், ஒரு சொல் பிசகாமல். மேடத்தின் மேலும் ஹோட்டலின் மேலும் அதுவரை சேர்த்து வைத்திருந்த அருவருப்பு எல்லாம் ஒரே நொடியில் என் பக்கம் திரும்பிவிட்டது. சாணியைச் சொல்லக் கூசி இதைச் சொன்னேன். இதுதான் நாறுகிறது.

முகாமையாளர் தன்மையாகத்தான் பேசினார். எல்லாம் முறைப்படி வந்த பொருள், சம்மதப் படிவம் இருக்கிறது, சாட்சியாக மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தும் இருக்கிறது என்றார். அது என் கையெழுத்து, அன்று பஸ் அவசரத்தில் போட்டது. கண்ணாடியைத் திறந்தால் வர்ணம் உதிர்ந்துவிடும் என்றும் சொன்னார். அவர் உள்ளே போனதும் அந்த அட்டையைப் பிய்த்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என்னால் திருப்பி எடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. பதுளையில் அதே மாதிரிக் கன்வஸ் துணி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டின் பின்முற்றத்தில் விரித்து, ஹோட்டலில் போனில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு வர்ணம் கலக்கிப் பார்த்தேன். நிறம் வந்தது, தரை வரவில்லை. இரண்டு தடவை கழுவிக் கழுவிப் பூசினேன். 'சாணிதான் இல்ல' என்று அக்கா சொன்னது காதிலேயே நின்றது. கடைசியில் மரக்கறிச் சந்தையின் பின்பக்கம், வெலிமடைக் கரட் மூட்டை இறக்குகிற இடத்தில், மாடுகள் அழுகல் இலை தின்றுகொண்டிருக்கும் மூலைக்குப் போனேன். ஷொப்பிங் பையைக் கையில் உறை மாதிரி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அள்ளினேன். என் வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒன்று தாயோடு அந்த வழியாக வந்தது. "டீச்சர்?" என்றது. நான் திரும்பவே இல்லை.

பைக்குள் கை விட்டு மெழுக முடியாது. வாளியில் கரைத்தபோது இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மூன்றாம் தடவை எடுக்க வயிற்றில் ஒன்றும் இல்லை. பிறகு கையை விட்டேன். சூடாக இருக்கும் என்று நினைத்தேன், குளிர்ந்து கிடந்தது. கொஞ்சம் செம்மண் சேர்த்து, குந்தி உட்கார்ந்து, மூலையில் தொடங்கினேன். அருவருப்பு போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. ஆனால் கைக்கு அது பொருட்டே இல்லை. முப்பது வருடம் கழித்தும் அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே தண்ணீர் தெளிக்க வேண்டும், வளைவை எங்கே முடித்து அடுத்ததை எடுக்க வேண்டும் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முடித்து வெளியே கால் வைத்தபோதுதான் பார்த்தேன், முன்பக்கம் குடியிருக்கும் வீட்டுக்காரர்கள் ஜன்னலை இறுகச் சாத்தியிருந்தார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் காய்ந்த துணியைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் மோந்து பார்த்துவிட்டு எழுந்து போய் நின்றுகொண்டார்.

அக்கா வாசலிலேயே காத்திருந்தார். "வந்துருச்சா" என்று இரண்டு கையாலும் வாங்கினார். சீமெந்துத் தரையில் விரித்தார். குந்தினார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடவிக்கொண்டே போனார். நடுவில் வந்ததும் கை நின்றது. திரும்பத் தடவினார்.

"இது ஒரே கைங்க, டீச்சர்."

நான் என் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"அவளுக்குச் சோத்தாங்கை. எனக்குப் பீச்சாங்கை. அவ பாதிய அவ கையாலயும் எம் பாதிய எங் கையாலயும் மெழுகினேன். நடுவுல முட்டுச்சில்ல? இதுல நான் இல்லைங்களே."

பதுளையிலேயே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஹோட்டலில் அந்த வரப்பைக் கண்ணால் பார்த்தவள் நான். கை தன் போக்கில் போனபோது அதை மறந்தேவிட்டேன். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். ஹோட்டல், கண்ணாடி, படிவம், பஸ், சாணி என்று சொல்லக் கூசியது எல்லாம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துத் தமிழில் சொன்னேன். "நான் இப்புடிச் சொல்லலையே" என்றார். "நீங்க சொல்லலக்கா. நான் சொன்னது" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அட்டையைத் திருப்பி, பின்பக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுப்பில் போட்டார். திரும்பி வந்து துணிக்கு முன்னால் குந்தினார். உள்ளங்கையால் அதை மறுபடி மெல்லத் தடவினார். அந்த நேரத்தில் நான் என்னை எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி முடியாது.

"டவுன் கை இல்லைங்களே இது" என்றார் கடைசியில். "நல்லாப் பழகுன கை. எங்க மெழுகுனீங்க, டீச்சர்?"

"எங்க அப்பா காம்பராவுல" என்றேன். அந்த ஊரிலும் பதுளையிலும் யாரிடமும் சொல்லாதது. வாயில் வந்தது லயத்துப் பேச்சுத்தான். "பசறப் பக்கம். கடசிக் காம்பரா."

"அப்பா இருக்காரா?"

"இல்லக்கா."

"அவரு போனன்னைக்கி நீங்கதான் மெழுகுனீங்களா?"

நான் துணியைப் பார்த்தேன். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. எழுந்து போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். துணியின் வலது பாதியில் தெளித்து, காய்ந்ததை ஊறவைத்து, இடது கையால் மேலே மெழுகத் தொடங்கினார். ஈரம் பட்டதும் அந்த வாடை எழும்பி அறை முழுக்க நிறைந்தது. நான் கைக்குட்டையை எடுக்கவில்லை. அவர் நடுவுக்கு வந்ததும் என் வளைவும் அவர் வளைவும் முட்டிக்கொண்டன. அங்கே விரலால் ஒரு வரப்பு அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எம் பாதியில தங்கச்சிக்கு எல போடுறேன்" என்றார். "அந்தப் பாதி ஒங்களது. ரெண்டு எலையாப் போட்டுருவோம்."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனவர், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "ஒங்க அப்பாவுக்கு என்ன டீச்சர் புடிக்கும்?"

அவருக்கு என்ன பிடிக்கும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எந்தச் சத்தத்துக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனேனோ, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"கருவாட்டுத் தலைக்கா" என்றேன்.